புதிய பதிப்பும் பழைய நோட்டும்

ஒரு புத்தகத்துக்குத் திருத்திய பதிப்பு வந்தால் வாசகன் என்ன செய்ய வேண்டும் என்பது சாதாரணமாக ஒரு பெரிய பிரச்னை அல்ல. நாவலாக இருந்தால் நான் பழைய பதிப்பைப் படித்திருப்பேன், நீங்கள் புதியதைப் படித்திருப்பீர்கள். சந்திக்கும்போது எது மேல் என்று வாதாடிக்கொள்ளலாம். அந்த வாதமும் ஒரு சுகம்தான். ஆனால் ஓர் ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் புத்தகத்தை அப்படி ஆளுக்கொரு பதிப்பாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். யாராவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொன்ன தீர்ப்பையும் அதற்கான காரணங்களையும் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

ஓசூரில் என் தங்கை வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடுகிறார்கள். என் தங்கை மகனும் அவன் சிநேகிதன் ஒருவனும் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பெண் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், பள்ளி ஆசிரியை. இன்னொரு பெண்ணுக்குப் பாங்கியில் உத்தியோகம். ஐந்தாவது ஆள், சிப்காட்டில் பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் இளைஞன். அவனுக்கு நைட் ஷிப்டு வந்தால் அந்த வாரம் ஆட்டம் கிடையாது. ஐவரும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறார்கள். அது இந்த ஊர்ப் பழக்கம்.

அவர்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற அமெரிக்க ஆட்டம். பலகையும் காயும் இல்லாமலே ஆடலாம். ஒருவர் கதையை நடத்துகிறார்: காடு, கோட்டை, திருடர், பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். செய்வது பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்க்கிறார்கள். இவ்வளவுதான் ஆட்டம். வெற்றி தோல்வி கிடையாது, கதை உண்டு.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்குவது கடினமல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக இருக்கும். வயற்காட்டிலும் பட்டறையிலும் உழைக்கிறவர்கள் இரவில் கிரீடம் கட்டிக்கொண்டு அர்ஜுனனாகவும் துரியோதனனாகவும் நிற்பார்கள். ஆனால் கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் விழுந்தே தீர வேண்டும். இந்த ஆட்டத்திலோ துரியோதனன் பிழைத்துப் போகவும் கூடும். பகடை சொல்ல வேண்டும். கூத்தில் உள்ளதைப் போலவே இவர்களும் கதை நடத்துகிறவரை ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது வாத்தியார் என் தங்கை மகன்.

ஆட்டத்தின் சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதிய இது, 1974-ல் விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவாவிலிருந்து மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகள். 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. வெளியிட்ட நிறுவனம் நொடித்து, 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி அதை வாங்கியது. 1999-ல் அந்தக் கம்பெனியை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு, 2003-ல் அதற்கே ஒரு திருத்தம், 2008-ல் நான்காம் பதிப்பு, 2014-ல் ஐந்தாம் பதிப்பு. நான்காம் பதிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. 2009-ல் வேறொரு கம்பெனி மூன்றாம் பதிப்பின் விதிகளையே செப்பனிட்டு ‘பாத்ஃபைண்டர்’ என்று வெளியிட, கணிசமான பேர் அங்கே போய்விட்டார்கள். திருத்திய பதிப்பை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாசகனுக்கு உண்டு என்பதற்கு இது ஒரு முன்னுதாரணம்.

இப்போது வந்திருப்பது ஐந்தாம் பதிப்பின் திருத்தம். ஆட்டக்காரர் புத்தகம் 2024 செப்டம்பரிலும், கதை நடத்துகிறவருக்கான புத்தகம் நவம்பரிலும், பூதகணங்களின் புத்தகம் 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தன. ஆறாம் பதிப்பு என்று பெயரிடாமல், பழைய சாகசக் கதைகளையும் இதில் ஆடலாம் என்று பிரசுரகர்த்தர்கள் சொல்கிறார்கள். பாங்கிப் பெண் புத்தகத்தை வாங்கிவிட்டாள். பெங்களூரில் அவர்களுக்குத் தெரிந்த குழுக்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. மாற வேண்டும் என்று மூன்று பேர். வேண்டாம் என்று ஆசிரியை. பட்டறை இளைஞன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாதது வாத்தியாருக்குச் சங்கடமாக இருந்தது. “மாமா, நீங்க ரெண்டையும் படிச்சுட்டுச் சொல்லுங்க. நீங்க கதை எழுதுறவரு. எங்களுக்கு விதி தெரியும், எது நல்ல புஸ்தகம்னு தெரியாது” என்றான். 320 பக்கம் பழையது, 384 பக்கம் புதியது. இரண்டையும் படித்தேன்.

புதிய பதிப்பின் குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகம் முதலில் பாத்திரத்தை உருவாக்கச் சொல்லிவிட்டு, ஆட்டம் எப்படி நடக்கும் என்பதைப் பல அத்தியாயங்கள் தள்ளித்தான் விளக்கியது. சமையல் தெரியாதவனிடம் முதலில் பாத்திரக் கடைக்குப் போய் வா என்பது போல. புதியது முதல் அத்தியாயத்திலேயே ஆட்டத்தைச் சொல்லி, மேஜையில் நடக்கும் சம்பாஷணையையும் உதாரணமாகக் காட்டுகிறது. பின்னால் விதிகளின் அகராதி ஒன்று அகர வரிசையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்த்து ஒரு நிமிஷத்தில் தீர்த்துக்கொள்ளலாம். மந்திரத்தால் காயம் ஆற்றினால் முன்பு ஒரு பகடை ஆறியது, இப்போது இரண்டு பகடை ஆறுகிறது. அடிபட்டவன் மாலை முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். வாள் பிடிக்கிறவனுக்கும் ஆயுதத்துக்கு ஆயுதம் தனித் தந்திரம் கொடுத்திருக்கிறார்கள். முன்பு மந்திரவாதிக்கு நூறு வேலை, வீரனுக்கு வெட்டுவது ஒன்றே வேலை என்று இருந்தது. இவையெல்லாம் ஆடிப் பார்த்துக் கண்ட குறைகளைத் தீர்த்த திருத்தங்கள். பாராட்டத்தான் வேண்டும்.

இனி என் ஆட்சேபங்கள்.

பழைய பதிப்பில் பாத்திரத்தின் இயல்பான பலம் அதன் பிறப்பைப் பொறுத்திருந்தது. குள்ளர் குலத்தில் பிறந்தால் உடல் உறுதி, இன்னொரு குலத்தில் பிறந்தால் புஜபலம் என்று கூடுதல் புள்ளிகள். புதிய பதிப்பு இதை எடுத்துவிட்டது. பிறப்பால் எவனும் பலசாலியுமல்ல, புத்திசாலியுமல்ல என்ற முடிவு சரியானது. தமிழ்நாட்டில் யாரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் எடுத்த புள்ளிகளை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். பாத்திரம் முன்பு செய்த தொழிலில் வைத்தார்கள். பதினாறு பின்னணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குணங்கள். அடிப்படை மதிப்பை எதில் வேண்டுமானாலும் அதிகமாக வைத்துக்கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் மூன்று புள்ளிகளை உழவன் உடற்பலம், உறுதி, விவேகம் என்ற மூன்றில்தான் போட்டுக்கொள்ளலாம். அறிவில் போட வழியில்லை. அறிவு வேண்டுமானால் பண்டிதன், வியாபாரி, பிரபு போன்ற வேறொருவனாக இருந்திருக்க வேண்டும். கைவினைஞன் என்றாலும் கிடைக்கும்.

அமெரிக்கர்களுக்குத் தொழில் என்பது ஒருவன் தேர்ந்துகொள்வது. நமக்கோ தொழிலும் பிறப்பும் எத்தனை காலம் ஒரே வீட்டில் குடியிருந்தன என்று தெரியும். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1953-ல் முதல் மந்திரியாக இருந்தபோது பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் அவர் பதவியை விட்டார். அடுத்து வந்த காமராஜ் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ராஜாஜியின் உத்தேசம் என்ன என்று இன்னும் வாதிக்கலாம். ஆனால் உழவன் மகனுக்கு உழவு, பண்டிதன் மகனுக்குப் படிப்பு என்று சொல்வதுபோல் தொனித்தாலே இங்கே என்ன ஆகும் என்பதை அது காட்டியது. புதிய பதிப்பு பிறப்பை வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, தொழிலைக் கொல்லை வழியாக உள்ளே விட்டிருக்கிறது. வேறு பின்னணிகளை உண்டாக்கிக்கொள்ளும் வழி, கதை நடத்துகிறவருக்கான புத்தகத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் கையில் இருக்கும் புத்தகத்தில் அதை வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் எழுத்தாளன் என்ற முறையில். பழைய பதிப்பில் ‘ஜனங்களின் வீரன்’ என்றொரு பின்னணி உண்டு. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, ஊருக்காக ஒரு காரியம் செய்தவன். அவனுக்குக் கிடைத்த சலுகை என்ன தெரியுமா? எளிய ஜனங்கள் அவனுக்கு இடம் கொடுத்து, தேடி வருகிறவர்களிடமிருந்து மறைத்து வைப்பார்கள். தங்கள் உயிருக்கே ஆபத்து என்றால்தான் கைவிடுவார்கள். இதைப் படித்தபோது, இது விதியல்ல, ஒரு கதையின் ஆரம்பம் என்று நினைத்தேன். மேலும் ஒவ்வொரு பின்னணிக்கும் அந்த மனிதனின் சுபாவம், அவன் நம்பும் லட்சியம், அவன் விட முடியாத பந்தம், அவனிடமுள்ள குறை என்று நான்கு பட்டியல்கள் இருந்தன. புதிய பதிப்பில் ஜனங்களின் வீரனும் இல்லை. அந்தப் பட்டியல்களும் பின்னணிகளோடு இல்லை. உழவன் இருக்கிறான், அவனுக்குச் சலுகை, எளிதில் சாகாத உடம்பு. முன்பு ஊர் காப்பாற்றியது, இப்போது எலும்பு காப்பாற்றுகிறது. இதில் எது ஆட்டத்துக்குச் சௌகரியம் என்று கேட்டால் இரண்டாவதுதான், கணக்குச் சுலபம். எதிலிருந்து கதை பிறக்கும் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய புத்தகம் ஒவ்வொரு வீரர் வகுப்பையும் மூன்று சிறு காட்சிகளோடு ஆரம்பித்தது, அவையும் போய்விட்டன. அந்த இடத்தில் நல்ல படங்கள் இருக்கின்றன. படம் பார்க்கிறவனுக்கு ஆசை வருகிறது. காட்சியைப் படிக்கிறவனுக்கு யோசனை வருகிறது.

மூன்றாவதை நான் கண்டுபிடிக்கவில்லை. பட்டறை இளைஞன்தான் சொன்னான்.

அவனுக்கு ஆங்கிலம் மெஷின் மானுவல் படிக்கும் அளவுக்குத் தெரியும். மூன்று வருஷமாக ஆடி, கேட்டுக் கேட்டு, கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்றில் விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடைக்குத் ‘தப்புப் பகடை’ என்று பெயர் வைத்திருந்தான். பழகிய வித்தைக்குக் கிடைக்கும் கூடுதல் எண்ணுக்குக் ‘கைப்பழக்கம்’. சாதகமான நிலைக்குக் ‘கை ஓங்கல்’. அகராதி போடுகிற பண்டிதர்கள் கூட்டம் போட்டு யோசித்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது. அவனுடைய பாத்திரத்தின் பெயர் எல்லையப்பன். ஜனங்களின் வீரன், எல்ஃப் என்னும் வனவாசி ஜாதியில் தாயும் மனித ஜாதியில் தகப்பனுமாகப் பிறந்தவன். பழைய பதிப்பில் அதற்கு ‘அரை எல்ஃப்’ என்று பெயர்.

“புதுசுல அந்தப் பாதி ஆளையே தூக்கிட்டாங்களாம் சார். எங்கம்மா தெலுங்கு, அப்பா தமிழு. என்னைப் பாதின்னு யாராவது சொன்னா எனக்கு ஒண்ணும் கோவம் வராது. ஆனா ஆளையே காணோம்னா எப்படி?”

மாற்றியவர்களின் எண்ணம் நல்லதுதான். பிறப்பைக் கொண்டு ஒருவனைப் பாதி என்று அழைக்கக் கூடாது என்று கருதியிருக்கிறார்கள். ‘இனம்’ என்ற சொல்லையும் அதே மனப்பான்மையில்தான் மாற்றினார்கள். ஆனால் ஒரு சொல் அவமானமாகப் பட்டால் சொல்லை மாற்ற வேண்டும். அந்தச் சொல்லுக்குரிய ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கினால் அது மரியாதை ஆகாது. எல்லை ஊரில் இருக்கிறவனுக்கு இது உடனே புரிகிறது. பழைய புத்தகத்து ஜாதிகளைப் புதிய விதிகளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று புதிய பதிப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். “அப்ப பழைய புஸ்தகமும் வேணும் சார், புதுசும் வேணும்” என்றான். அவன் சொன்னது சரி. புதிய பதிப்பு மட்டும் வாங்குகிற ஒருவனுக்கு எல்லையப்பன் பிறக்கவே மாட்டான்.

இவ்வளவு சொன்னபின், மாற வேண்டாம் என்றுதானே தீர்ப்பு இருக்க வேண்டும்? அப்படி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. காரணம் சதுரங்கம்.

நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் அந்த முறையில் ஆடக் கற்றவர். பிறகு மேல்நாட்டு விதிகளைக் கற்று, இங்கிலாந்து போய், 1929, 1932, 1933 ஆகிய மூன்று வருஷங்களில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பழைய விதிதான் ஆடுவேன் என்று அவர் பிடிவாதம் செய்திருந்தால் யாரோடு ஆடியிருப்பார்? ஆட்டத்தின் விதி ஒரு பாஷை. அந்நியனோடு பேசுவதற்குத்தான் அது வேண்டும். பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். நாளைக்கு இந்த ஐவரில் ஒருவருக்கு மாற்றல் வரலாம். ஆறாவதாக ஒருவர் வந்து சேரலாம். வருகிறவர் கையில் கடையில் இன்று கிடைக்கும் புத்தகம்தான் இருக்கும். பழையதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் மேஜை வருஷத்துக்கு வருஷம் சிறிதாகிக்கொண்டே போகும். ஆனால் சதுரங்கம் இன்னொன்றும் சொல்கிறது: நம் பழைய முறையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மாறியவர்கள் அதை எழுதி வைத்துவிட்டு மாறவில்லை.

எழுதி வைப்பதைப் பற்றி ஒரு விஷயம். 2024 ஆகஸ்டில் இதே கம்பெனி தன்னுடைய இணையச் சேவையில், பழைய பதிப்பை விலை கொடுத்து வாங்கியவர்களின் மந்திரங்களையும் பொருள்களையும் புதிய விதிகளுக்கு மாற்றிவிடப் போவதாக அறிவித்தது. கூச்சல் எழுந்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. காகிதப் புத்தகத்தை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து திருத்த முடியாது. கோடு போட்ட நோட்டையும் திருத்த முடியாது. இன்னொரு நல்ல செய்தி: உரிமை விஷயமாக 2023 ஜனவரியில் எழுந்த பெரிய ரகளைக்குப் பிறகு, பழைய பதிப்பின் அடிப்படை விதிகளைக் கம்பெனி பொது உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம்; கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. 2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் அடிப்படை விதிகளையும் அப்படியே விட்டார்கள். அதாவது அந்த நோட்டை அந்த விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் புத்தகமாகப் போட ஒரு தடையும் இல்லை. இது அவனுக்குத் தெரியாது. தெரிந்ததும் நோட்டை என்னிடமிருந்து வாங்கி, அட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டான்.

நானும் ஒரு திருத்தக்காரன்தான். என் முதல் நாவலின் இரண்டாம் பதிப்பில், கதைக்கு வேண்டாதது என்று ஓர் அத்தியாயத்தை எடுத்தேன். ஒரு விதவை அத்தை வருகிற அத்தியாயம். ஒரு வாசகி எழுதினாள்: ‘அத்தை எங்கே போனாள்? நான் அவளுக்காகத்தான் இரண்டாம் தடவை வாங்கினேன்.’ கதை திருந்தியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. திருத்துகிறவன் புத்தகத்தை மட்டும் பார்க்கிறான். அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தீர்ப்பைச் சொன்னேன். நடந்துகொண்டிருக்கும் கதையைப் பழைய விதியிலேயே முடியுங்கள். பாதிக் கூத்தில் வேஷம் மாற்றக் கூடாது. அடுத்த கதையைப் புதிய பதிப்பில் ஆரம்பியுங்கள். ஆனால் மூன்று நிபந்தனை. பின்னணி எதுவானாலும் அந்த மூன்று புள்ளியை ஆட்டக்காரர் விரும்பிய குணத்தில் போட்டுக்கொள்ளலாம். பழைய புத்தகத்திலுள்ள லட்சியம், பந்தம், குறை ஆகிய பட்டியல்களை விடக் கூடாது. இரு குலத்துப் பிள்ளைகள் பட்டியலில் இருக்க வேண்டும். அவர்களை என்ன பெயரில் அழைப்பது என்பதை எல்லையப்பன் முடிவு செய்யட்டும்.

முதல் நிபந்தனையை எதிர்த்தார்கள். புள்ளியை இஷ்டம்போல் போட்டால் எல்லோரும் கணக்குப் பார்த்து ஒரே மாதிரி ஆளைச் செய்வார்கள் என்றாள் பாங்கிப் பெண். அதில் நியாயம் இருந்தது. ஒரு புள்ளியை மட்டும் இஷ்டப்படி போடலாம் என்று சமாதானம் ஆயிற்று. மற்ற இரண்டும் நிறைவேறின. ஆசிரியை, புதிய விதிகளைத் தமிழில் எழுத உதவுவதாக ஒப்புக்கொண்டாள். பழைய நோட்டில் ஒரு வரியையும் அடிக்கக் கூடாது, புதியதைத் தனி நோட்டில்தான் எழுத வேண்டும் என்பது அவள் போட்ட நான்காவது நிபந்தனை. எனக்குத் தோன்றாமல் போனது அதுதான்.

இரு குலத்துப் பிள்ளைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு ஷிப்டு டைம் கேட்டிருக்கிறான்.